நோயைத் தமிழிற் கேட்ட வைத்தியர்

1822 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். அதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, ஒக்டோபர் 10 ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் என்னும் ஊரிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். சமய வழக்கிலே இவ்விருவரும் எதிரெதிர்ப் பாசறையினர். முன்னவர் மிஷனரிமாரை மறுத்து நூல் செய்தவர்; பின்னவர் மிஷனரியாகவே யாழ்ப்பாணம் வந்தவர். எனினும், எத்துணை அரிய பொருளாயினும் தமிழ் வசனத்திலே சொல்லக்கூடும், சொல்லவும் வேண்டும் என்னும் துணிவு இருவர்க்கும் பொதுவாக இருந்தது. நாவலரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். கிறீன் என்னும் பெயரோ, மானிப்பாய்ப் பகுதியாரும் ஆராய்ச்சியாளர் சிலரும் அறிந்த அளவிலேயே நின்றுவிட்டது. கவிஞர் அம்பி அவர்கள் அரும்பாடுபட்டுத் தேடி எழுதிய நூல்கள் இல்லையேல் அந்த அளவும் இராது.

கிறீனின் தந்தையார் ஒரு வழக்கறிஞர். உடன்பிறந்தாருள் ஒருவரான அன்ட்று ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரின் நடுவே இன்று பரந்து கிடக்கும் பெரும் பூங்காவை அமைப்பதில் முன்னின்றவர். பின்னர், பிரிந்து கிடந்த பல நகரங்கள் ஒன்றாகி இன்றைய நியூயோர்க் மாநகர் உருவாவதற்கு உழைத்தவர். அண்ணன் உலகின் பெருநகரொன்றைச் சமைத்துக்கொண்டிருந்த காலத்திலே, தம்பி பனங்கூடல்களுக்கு நடுவே ஒரு சிற்றூரில் வாந்திபேதிக்காரரின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நியூயோர்க்கிலே மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்ற அவர், 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் அவர் பணி நிகழ்ந்தது.

மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்துக்கு அவரோடு வந்தது என்று கொள்ளற்க. 1820 முதலே பண்டத்தரிப்பில் ஸ்கடர் என்பாரும், அவருக்குப்பின் வட்டுக்கோட்டையில் வார்ட் என்பாரும் வைத்தியம் செய்திருக்கின்றனர். அவர்களுக்கும் முந்தியதாய், செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் தோன்றிய மண் அது. நோய் வந்தால் பரியாரியார் வீட்டுக்கு ஆள் அனுப்புவதே வழக்கம். அரசாங்கத்தின் மருத்துவமோ அந்நாளில் பெரும்பாலும் படையினருக்கும் உத்தியோகத்தருக்கும் உரியதாய் இருந்தது. படைமருத்துவத்தினின்று பிரிந்து, குடிமக்களுக்கென ஒரு மருத்துவத் திணைக்களம் இலங்கையில் அமைந்ததே 1858 இல் தான். ஆதலின், வாந்திபேதியும் வைசூரியும் ஊரைச் சூறையாடிய காலத்திலே, வரி கொடுத்த குடியானவன் அரசாங்கத்து வைத்தியரின் முகத்தைக் கண்டிருத்தல் அரிது.

இந்நிலையை மாற்ற முற்பட்டவருள் யாழ்ப்பாணத்து அரசாங்க ஏசண்டராய் நீண்டகாலம் இருந்த பேர்சிவல் டைக் குறிப்பிடத்தக்கவர். கடுமையான மனிதர் எனினும் நிருவாகத்தில் வல்லவர். அவர் ஆதரவோடு 1850 இல் யாழ்ப்பாண நகரில் ஏழைகளுக்கென ஒரு தரும ஆஸ்பத்திரி நிறுவப்பட்டது. கிறீன் அதன் பணியிலும் பங்குகொண்டார். அரசாங்கம் பின்னர், 1907 இல், அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என வழங்குவது அதன் வழிவந்ததே.

மானிப்பாயில் கிறீன் தொடங்கிய மருத்துவ வகுப்பு முதலிலே ஆங்கிலத்தில் நடந்தது. வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். கெட்டிக்காரராய்த் தேறினர். தேறியபின் நடந்ததுதான் கிறீனைச் சிந்திக்க வைத்தது. ஆங்கிலமும் மருத்துவமும் ஒருங்கே அறிந்தவனுக்கு அரசாங்கத்திலே நல்ல சம்பளம் காத்திருந்தது. சண்டிலிப்பாயிலோ சாவகச்சேரியிலோ குடியிருந்து, கையில் காசில்லாத கமக்காரனுக்கு மருந்து கலக்க எவன் இருப்பான்? ஒருவர்பின் ஒருவராக அவர்கள் வெளியூர்களுக்குப் போயினர். ஊரிலே மருத்துவக் கல்வி பெருகியும், ஊராருக்கு மருத்துவர் கிட்டவில்லை. ஆங்கிலத்தோடு மேனாட்டு உடையும் நடையும் கைக்கொண்டு தம் மக்களினின்று விலகிநிற்கும் மாணவரைக் கண்டு அவர் மனம் கசந்தது என்பதும் தெரிகிறது. அமெரிக்கர் ஒருவருக்கு இக்கசப்பு உண்டாயிற்று என்பது வியப்பே.

1855 இல் வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. தாய்மொழிக் கல்வியே மிஷனின் கொள்கையாதல் வேண்டும் என மேலிடம் விதித்தமை அதற்கொரு காரணம். அம்முடிவைப் பலர் எதிர்த்தனர். உயர்கல்வியின் வாயில் அடைபட்டது என்ற அவர்களது மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. கிறீனுக்கோ, தாம் முன்னரே எண்ணியிருந்த வழி இதனால் தெளிவாயிற்று. மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது, அதற்கு வேண்டிய நூல்களைத் தாமே ஆக்குவது என அவர் உறுதிகொண்டார்.

நூல் எங்கே? சொல் எங்கே? இவ்விடத்தில், பண்டித வகுப்புக்குப் பாடம் சொல்பவன் என்னும் முறையிலே, சற்று நின்று பேச எனக்கு உரிமை உண்டு என எண்ணுகிறேன். உடலின் அமைப்பைக் கூறும் சாஸ்திரத்துக்கு அங்காதிபாதம் என்னும் பெயரை அவர் கொண்டார். இது புதிதாய்ப் புனைந்ததன்று. நம் வைத்தியர் வழக்கிலே இருந்த சொல்லுக்குப் புதுப்பொருள் ஊட்டியது. உறுப்புக்களின் தொழிலைக் கூறுவது சுகரணம். கரணம் என்பது தொழிற்படும் கருவி, சு என்பது நன்மை குறித்த முன்னொட்டு. சுகாதாரத்தைக் கூறும் பகுதிக்கு உற்பாலனம் எனப் பெயரிட்டார். பாலனம் என்பது காத்தல். சத்திர சிகிச்சைக்கு இரணவைத்தியம் என்றார். ஊரார் அறிந்த சொல். முதலில் தமிழில் தேடுக; தமிழில் இல்லையேல் வடமொழியில் தேடுக; அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைய எழுதுக என்பது அவர் கொண்ட நெறி. இந்நெறியின் மூன்றாம் படியிலே பிறந்ததுதான் இரசாயன நூலுக்கு அவர் இட்ட கெமிஸ்தம் என்னும் பெயர். அது என் செவிக்கு இன்றும் உவப்பாக இல்லை. இரசாயனம் என்றே சொல்லியிருக்கலாம். ஆயினும் நூறு சொற்களை ஆக்கியவனுக்கு ஐந்து சொற்கள் பிழைத்துப்போதல் குற்றமாகாது. கலைச்சொற் குழுவிலே அமர்ந்து ஒரு சொல்லுக்கு மூன்று நாள் வாதாடியவர்கள் இதனை ஒப்புவர்.

கட்டர் என்பாரின் உடல்நூலும், பிரசவ வைத்தியமும் 1860 க்கு முன்னரே தமிழில் வெளிவந்தன. 1867 இல் இரணவைத்தியம் வந்தது. 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், கிறே என்பாரின் புகழ்பெற்ற நூலைத் தழுவியது. அம்மூலநூல் இலண்டனில் முதன்முதல் அச்சேறியது 1858 இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசியது. எல்லாவற்றையும் கூட்டினால் 4,000 பக்கங்களுக்கு மேற்படும். இப்பணியைக் கிறீன் தனியே செய்தாரல்லர். சப்மன், டான்போர்த் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தனர். பெயரைக் கேட்டு இவர்களை வெள்ளையர் என எண்ணற்க. மிஷன் பாடசாலையிலே உண்டியும் உறையுளும் பெற்ற பிள்ளைகளுக்கு, அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய உபகாரியின் பெயரைச் சூட்டுதல் அக்கால வழக்கம். தம் பெயரை இழந்த தமிழர் பலர், தமிழுக்கு மருத்துவ நூல்களைத் தந்தனர்.

தமிழிலே மருத்துவம் கற்பிப்பதால் வந்த பயன் மாணவன் ஊரிலே தங்கினான் என்பது மட்டுமா? அதனினும் பெரியதொன்று உண்டு. நோயைக் கண்டுபிடிக்கும் தொழிலிலே பாதி, நோயாளி சொல்வதைக் கேட்பது. நாடி பார்ப்பதும், நெஞ்சிலே குழல் வைத்துக் கேட்பதும், இரத்தத்தைச் சோதிப்பதும் அதன் பின்னரே. எதைச் சோதிப்பது என்பதை நோயாளியின் வாய்ச்சொல்லே காட்டுகிறது. நம்மவர் நோவைச் சொல்லும் சொற்களை எண்ணிப் பாருங்கள். குத்து வேறு, உளைவு வேறு, கடுப்பு வேறு, எரிவு வேறு, காந்தல் வேறு, விறைப்பு வேறு. நெஞ்சை அடைக்கிறது என்பவனுக்கும் நெஞ்சு எரிகிறது என்பவனுக்கும் வெவ்வேறு நோய் இருத்தல் கூடும். தலையிடி என்பவனும் தலை அம்முகிறது என்பவனும் ஒருவரல்லர். இவை யாவும் மொழிபெயர்ப்பவன் நாவிலே நோவு என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டால், வைத்தியர் எத்துணை வல்லவராயினும் இருட்டிலே தடவவேண்டியவரே. கிறீன் தமிழைக் கற்றுத் தமிழிற் கேட்டார். தமிழிற் கேட்க மாணவரைப் பழக்கினார்.

இதனை நூலிலிருந்து மட்டும் நான் எழுதவில்லை. நான் குடியிருப்பது கொழும்பு மாளிகாவத்தையிலே. இலங்கையின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகள் பல இங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியதான கொழும்பு வைத்தியசாலை 1864 இல் நிறுவப்பட்டது. சிறுநீரக நோய்க்கான தேசிய நிறுவகம் மாளிகாவத்தையிலேயே உண்டு. எதற்கும் கட்டணமில்லை. அண்டைநாட்டார் பலர் கண்டு வியக்கும் ஏற்பாடு அது. அதனை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இத்தனையும் இருந்தும், மாலை வேளைகளில் என் வீட்டுக் கதவைத் தட்டுவோர் கையிலே கிளினிக் கொப்பி இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே வருகிறார்கள்.

எங்கள் தொடர்மாடியில் ஒரு முஸ்லிம் அன்பர் இருக்கிறார். நானா என்றே அவரை அழைப்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். புறக்கோட்டையில் முப்பது ஆண்டுகள் மூடை சுமந்த நாட்டாமை. அவருக்குச் சிங்களம் தெரியும். மூடையை எண்ணவும் கூலியைப் பேசவும் போதுமான சந்தைச் சிங்களம். உள்ளங்கால் எரிகிறது என்று ஓர் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனார். அதன் பெயர் இங்கு வேண்டா. காலையில் நாலு மணிக்கே வரிசை. துண்டு எடுத்து, காத்திருந்து, வைத்தியர்முன் அமரக் கிடைத்தது இரண்டொரு நிமிடம். எரிவை எப்படிச் சொல்வது? அவர் அறிந்த சொல்லிலே சொன்னார். தோலிலே ஏதோ காயம் என்று கருதிக் களிம்பு கொடுத்தார்கள். களிம்பு தீர்ந்ததும் மறுபடி போனார், மறுபடி களிம்பு. இவ்வாறு ஓராண்டுக்கு மேல் கழிந்தது. பின்னர் ஒருவர் இரத்தச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். வெறுவயிற்றோடு வரவேண்டும் என்பது அத்துண்டிலே சிங்களத்தில் இருந்தது. நானாவுக்குத் தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும். அன்று விடியலிலே பிளேன்டீயும் பணிசும் சாப்பிட்டுவிட்டே போய் நின்றார். திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த நாள் குறித்தது ஆறு கிழமைக்குப்பின். ஒரு நாட் கூலியும் போயிற்று.

கடைசியில், மட்டக்களப்பிலே சிலகாலம் பணியாற்றி வந்த ஓர் இளம் சிங்கள வைத்தியர் அவரை அமரவைத்து, அரைகுறைத் தமிழிலே, கால் எரிகிறதா, மரத்துப்போகிறதா, இரவிலே கூடுகிறதா என்று மூன்று கேள்வி கேட்டார். நீரிழிவு நரம்பைத் தாக்கியிருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு கால்விரல் உணர்வு செத்துப் புண்ணாகியிருந்தது, அதை எடுக்கவேண்டியதாயிற்று. முன்னே பார்த்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்ல என் மனம் இசையவில்லை. முன்னூறு பேர் வெளியே நிற்கும்போது மொழிபெயர்ப்பாளன் இல்லாத அறையிலே ஒருவர் என்ன செய்வார்? ஆயினும் ஒரு விரலுக்கும் ஒரு சொல்லுக்கும் இடையே இருந்த தொடர்பை நான் கண்ணாலே கண்டேன். என்னுடன் படிப்பிக்கும் சிங்கள ஆசிரியர் ஒருவரின் துணையோடு, நோவைக் குறிக்கும் சொற்களை இரு மொழியிலும் எழுதி அவருக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது அதைப் பிரதி எடுத்துப்போக மற்றவர்களும் வருகிறார்கள்.

கிறீனின் கதைக்கு மீள்வோம். 1858 இல் விடுப்பிலே தாய்நாடு சென்ற அவர், 1862 இல் மணம் புரிந்து மனைவியோடு திரும்பினார். 1864 இல், கொழும்பிலே பெரிய ஆஸ்பத்திரி தோன்றிய அதே ஆண்டில், மானிப்பாயிலே தமிழ்வழி மருத்துவ வகுப்பு தொடங்கியது. மிஷன் வகுப்பாயினும் அரசாங்கத்தின் உதவியும் அதற்குக் கிடைத்தது. 1866, 1867 ஆம் ஆண்டுகளிலே வாந்திபேதி யாழ்ப்பாணத்தை அலைத்தது. பிணம் சுமக்க ஆளில்லாத அந்நாட்களில், ஊரூராய்ச் சென்று மருந்து கொடுக்கவும், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று ஊரார் மொழியிலே சொல்லவும் பயின்றவர் தேவைப்பட்டனர். தமிழ் வகுப்பு வீணன்று என்பதைக் காட்ட வேறு வாதம் வேண்டியிருக்கவில்லை. அவர் ஆக்கிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் 33 பேர் முழுவதும் தமிழிலேயே கற்றவர். பெரும்பாலோர் வடபகுதிக் கிராமங்களிலே அமர்ந்து வைத்தியம் செய்தனர்.

அவரை நான் தெய்வமாக்க விரும்பவில்லை. மருந்தோடு தம் சமயத்தையும் கொடுக்க வந்தவர் அவர்; அதை மறைத்ததுமில்லை. நோயுற்றுக் கிடப்பவன் தலைமாட்டிலே வேதம் ஓதுவது முறையா என்று நாவலர் வழிவந்த சைவனாகிய நான் கேட்கலாம், கேட்கவும் செய்கிறேன். ஆனால் அந்தச் சமயத்தை ஏற்றவன் தமிழனாகவே இருத்தல் வேண்டும், உடையிலும் பேச்சிலும் அயலானாகிவிடலாகாது என அவர் கருதியது, அவர் காலத்து மிஷனரிமார் பலரிடம் காணாத பண்பு.

1870 இல் கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வன்னியிலே பறங்கி நோயால் ஊர்கள் அழிவதைப்பற்றி டாக்டர் லூஸ் எழுதிய அறிக்கை அதற்குத் தூண்டுகோலாயிற்று. கல்லூரியின் மொழியோ ஆங்கிலம். வன்னிக் குடிகளின் நோய்க்காகத் தோன்றிய கல்லூரியிலே வன்னிக் குடிகளின் மொழிக்கு இடமிருக்கவில்லை. அரசாங்கத்தின் அங்கீகாரம் ஆங்கிலத்தில் கற்றவன் பக்கம் சென்றபின், தமிழிலே கற்றவன் இரண்டாந்தர வைத்தியனாக எண்ணப்படுதல் இயல்பு. கிறீன் 1873 இல் உடல்நலங் குன்றித் தாயகம் சென்றார். அவருக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை.

தாயகம் சென்றும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. வூஸ்டரிலே தம் வீட்டிலிருந்து, மானிப்பாயிலுள்ள மாணவரின் மொழிபெயர்ப்புக்களைக் கடல்வழிக் கடிதத்திலே பெற்றுத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 1875 இல் கெமிஸ்தம் வந்தது. 1883 இல் மனுஷ சுகரணம் வந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே 28 ஆம் நாள், அவர் காலமானார். தமக்குக் கல்லறை எழுப்பினால், தமிழருக்கு மருத்துவ ஊழியனாய் இருந்தமையையே அதில் எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே எழுதினர். இந்திய மருந்துகளைக் கூறும் நூல் ஒன்றின் தமிழாக்கம் 1888 இல், அவர் மறைந்து நான்காண்டுக்குப்பின், அவர் மாணவரால் அச்சேறியது. மானிப்பாயிலே அவர் பெயர்தாங்கிய வைத்தியசாலை இன்றும் இருக்கிறது.